காலி அறையின் ஈரம்

யாரும் இல்லாத அறைக்கு வியர்த்துக்கொண்டிருந்தது. நீண்ட விடுமுறையின் முதல் நாள் காலை, சோபாவிலிருந்து முழுசாக எழுந்திருக்காமலே கைபேசியைத் தடவியவன் கண்ணில் முதலில் பட்ட செய்தி அதுதான். பழைய கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கும் சர்வர் அறையில் ஈரப்பதம் கூடிக்கொண்டிருக்கிறதாம். கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தான். அந்த அறையில் ஒன்றுமே இல்லை. இயந்திரங்களை எல்லாம் போன வாரமே புதிய கட்டடத்துக்குக் கொண்டுபோயாயிற்று, குளிர்சாதனத்தை நிறுத்தியாயிற்று, நேற்று மாலை விளக்கை அணைத்துக் கதவையும் பூட்டியாயிற்று. மிச்சம் இருந்தது சுவரில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு சென்சார். கழற்ற மறந்துவிட்டார்கள். அது பாட்டுக்குத் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

அலுவலகத்தில் அவனுக்குப் பட்டப்பெயர் பூட்டு. முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான், ஆனால் அது தெரிந்ததும் அவன் உள்ளூரப் பூரித்துப்போனான். நிறுவனத்தின் சர்வர்கள், கேபிள்கள், யார் எந்தக் கோப்பைத் திறக்கலாம், யார் எந்தக் கதவு வழியாகப் போகலாம் என்பதெல்லாம் அவன் கையில். ஒருவன் வேலையை விட்ட மறுநிமிடம் அவன் கார்டு செத்துவிடும். குடையை எடுக்கக்கூட உள்ளே போக முடியாது. சர்வர் அறைக் கதவின் உள்பக்கத்தில் வெளியே போக ஒரு பச்சை பட்டன் இருந்தது. தொழிலாளிகள் கார்டைத் தேய்க்காமல் அதை அமுக்கிவிட்டு நழுவுகிறார்கள், யார் எப்போது போனான் என்றே தெரியவில்லை என்று பூட்டு அதைப் பிடுங்கி எறிந்தான். உள்ளே வரவும் கார்டு, வெளியே போகவும் கார்டு. தணிக்கைக்கு வந்தவர் அவன் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அறையை மூடுவதற்கு முன்னால் கடைசி ஆள் இறங்கிப் போய், உள்ளே யாரும் இல்லை என்று கண்ணால் பார்த்துவிட்டுத்தான் மூட வேண்டும். அதுவும் அவனே வகுத்த விதி. நேற்று மாலை அவன் இறங்கிப் போகவில்லை. இயக்குநர் சாப்பிடக் கூப்பிட்டிருந்தார். விடுமுறை முடிந்ததும் எல்லாக் கிளைகளின் கட்டமைப்புக்கும் அவனே தலைவன் என்ற பேச்சு காற்றில் இருந்தது. அந்த மேசையிலேயே மடிக்கணினியைத் திறந்து, பழைய கட்டடத்துக்கான கார்டுகள் மொத்தத்தையும் அழித்தான். அங்கிருந்தே விளக்கை அணைத்தான். கதவைப் பூட்டினான். "நீங்களே போய்ப் பார்த்துட்டீங்கல்ல?" என்று இயக்குநர் கேட்டபோது, "ரெண்டு தடவை பார்த்தேன் சார்" என்றான்.

இப்போது சோபாவில் உட்கார்ந்து, கைபேசியில் ஈரப்பதத்தைக் காட்டும் கோட்டைப் பார்த்தான். நேற்று மாலை வரை தரையாகக் கிடந்தது, பிறகு மெல்ல மேலே ஏறிக்கொண்டே வந்திருக்கிறது. ஓர் அறையில் ஈரம் கூட வேண்டுமென்றால் தண்ணீர் கசிய வேண்டும். அந்த அறையைச் சுற்றித் தண்ணீர்க் குழாயே கிடையாது. இல்லையென்றால் மூச்சு விட ஆள் வேண்டும்.

"என்னங்க" என்றது படுக்கையறைக்குள்ளிருந்து மனைவியின் குரல். "கதவைத் திறங்களேன்."

அவனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. மூன்று நாளாக அவள் அவனோடு பேசவில்லை. சண்டை அவள் தம்பியைப் பற்றி. அந்தப் பயலுக்குக் கேபிள் இழுக்கும் வேலையை இவன்தான் வாங்கிக்கொடுத்தான், வாங்கிக்கொடுத்ததை நாள் தவறாமல் சொல்லியும் காட்டினான். போன வாரம் எல்லோர் முன்னாலும் மச்சினனை 'தண்டச்சோறு' என்று சொல்லிவிட்டான். அது அக்காவின் காதுக்கு வந்தது. அன்றிலிருந்து அவள் படுக்கையறையில், இவன் சோபாவில். நேற்று இயக்குநரோடு சாப்பிட்டுவிட்டு வந்தபோது படுக்கையறைக் கதவு சாத்தியிருந்தது. தட்டவில்லை. நான் ஏன் தட்ட வேண்டும் என்று படுத்துவிட்டான்.

"தாழ்ப்பாளைப் போட்டது நீ. திறக்க வேண்டியதும் நீதான்" என்றான், கைபேசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

கதவை உள்ளங்கையால் தடவுகிற மாதிரி ஒரு சத்தம் மட்டும் கேட்டது.

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. மிச்சக் கேபிள்களைச் சுருட்டி எடுக்க நேற்று மாலை கீழே போனவன் மச்சினன்தான். உடனே அவனுக்குப் போன் போட்டான். தொடர்பு எல்லைக்கு வெளியே இருக்கிறார் என்றது. அடித்தளத்தில் போன் எடுக்காது. அது ஊரறிந்த விஷயம், அங்கே வேலை செய்கிறவர்கள் மேலே வந்துதான் பேசுவார்கள். மறுபடி போட்டான். அதே பதில்.

பயல் நண்பர்களோடு எங்கேயாவது சுற்றப் போயிருப்பான். போகிறேன் என்று சொன்னதாகக்கூட ஞாபகம். சொன்னானா? இவன் எப்போது அவன் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டான்?

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். சர்வர் அறைக் கதவைத் திறக்க அவன் எழுந்து செருப்பு மாட்ட வேண்டியதுகூட இல்லை. மடிக்கணினி காலடியில் இருந்தது. கடவுச்சொல்லை அடித்து ஒரு பட்டனை அழுத்தினால் போதும், கீழே பூட்டு விலகும். ஆனால் மூடிய அறையை யார் திறந்தாலும் அந்தக் கணமே இயக்குநருக்குத் தகவல் போகும். அதைத் தடுக்க முடியாது. தடுக்கவே முடியாத மாதிரி அமைத்தவன் அவன்தான். விடுமுறை நாள் காலையில் இயக்குநரின் கைபேசி சிணுங்கும். ரெண்டு தடவை பார்த்தேன் என்று சொன்ன அறையை ஏன் திறந்தாய் என்று கேட்பார். தலைவர் பதவி அத்தோடு போயிற்று. இருக்கிற வேலையும் போகும்.

சென்சார் கெட்டிருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். மலிவான சரக்கு. கைபேசி மறுபடி சிணுங்கியது. ஈரப்பதம். ஈரப்பதம். ஈரப்பதம். கொசுவை அடிப்பது போல ஒரு தட்டுத் தட்டி, அந்த அறையிலிருந்து வரும் எச்சரிக்கைகளின் வாயை அடைத்தான். வீடு அமைதியானது. அமைதியானதும் படுக்கையறையில் அவள் நடக்கும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

சில அடிகள். திரும்பல். சில அடிகள். திரும்பல். அந்த அறை பெரியது, கட்டிலைச் சுற்றி வர நேரமாகும். அவள் ஏதோ சின்னக் கூண்டில் இருப்பவளைப் போலச் சட்சட்டென்று திரும்பிக்கொண்டிருந்தாள். கோபத்தில் நடக்கிறாள் என்று விட்டுவிட்டான்.

மதியம் தானே முட்டையைப் பொரித்துச் சாப்பிட்டான். அவளையும் கூப்பிடலாமா என்று ஒரு நொடி யோசித்தான், வீம்பு விடவில்லை. சத்தத்தை நிறுத்தினானே தவிர அவனால் கோட்டைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. வாய்க்கும் தட்டுக்கும் நடுவே அதைத் திறந்து திறந்து பார்த்தான். கோடு ஏறிக்கொண்டிருந்தது. வெப்பமும் கூடியிருந்தது, கொஞ்சம்தான், ஓர் ஆளின் உடம்பு கொடுக்கும் சூடு அளவுக்கு. சாப்பிட்டு முடித்ததும் திறந்துவிடலாம் என்று நினைத்தான். முடித்தான். தட்டைக் கழுவியதும் திறக்கலாம் என்று நினைத்தான். கழுவினான். பயலாக இருந்தால் கதவை உதைத்திருப்பான், கத்தியிருப்பான், காவலாளிக்குக் கேட்டிருக்கும் என்று நியாயம் கட்டினான். ஆனால் வெளிச்சத்தம் உள்ளே வரக்கூடாது, உள்சத்தம் வெளியே போகக்கூடாது என்று அந்தக் கதவுக்கு ரப்பர் விளிம்பு போட்டதும் அவன்தானே. அது அவனுக்குத் தெரியும். தெரிந்தே நியாயம் கட்டினான்.

"என்னங்க."

"என்ன?"

"ரொம்பப் புழுக்கமா இருக்குங்க."

"ஜன்னலைத் திற."

"எங்க இருக்கு?"

அவன் கதவைப் பார்த்தான். குத்தலாகப் பேசுகிறாள் என்று தோன்றியது. படுக்கையறையில் ஒரு சுவர் முழுக்க ஜன்னல். இந்நேரத்துக்கு வெயில் கட்டிலில் வந்து உட்கார்ந்திருக்கும்.

"லைட்டையாவது போடுங்க" என்றாள் அவள். குரல் கரகரத்திருந்தது, வெகுநேரம் கத்தியவள் குரல் போல. "நீங்க வருவீங்கன்னுதான் உக்காந்திருக்கேன்."

பட்டப்பகலில் லைட்டா? அவனுக்கு எரிச்சல் மண்டியது. இங்கே ஒருவன் கழுத்துக்குக் கத்தி வந்து நிற்கிறது, இவளுக்கு விளையாட்டு. எழுந்து போய்த் தொலைக்காட்சியைப் போட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தான். யாரோ சிரித்தார்கள், யாரோ கைதட்டினார்கள். அதையும் மீறி அவளுடைய காலடி கேட்டது. மெதுவாகிவிட்டிருந்தது. இடையில் நின்று நின்று போனது. கூடத்தில் ஒரு வாடை வந்தது. சூடேறிய ரப்பர், பழைய தூசி, இரும்பு. அந்த வாடையை அவன் தூக்கத்திலும் அடையாளம் சொல்வான். பத்து வருடம் அதில்தான் உட்கார்ந்திருந்தான். சட்டையை முகர்ந்து பார்த்தான். சட்டையில் சோப்பு வாசம்தான் அடித்தது.

பயம் வந்துவிட்டது. இப்போது அதை எரிச்சல் என்று சொல்லி ஏமாற்ற முடியவில்லை. மடிக்கணினியை மடியில் எடுத்து வைத்தான். கடவுச்சொல்லை அடித்தான். திரையில் அந்தக் கதவு வந்தது, பக்கத்தில் திறக்கும் பட்டன். விரலை வைத்தான். இயக்குநர் முகம் வந்தது. விரலை எடுத்தான். இன்னும் கொஞ்சம் ஏறினால் திறந்துவிடுவேன், இது சத்தியம் என்று வாய்விட்டுச் சொன்னான்.

கோடு இன்னும் கொஞ்சம் ஏறியது.

அவன் திறக்கவில்லை.

"என்னங்க..." குரல் இப்போது கீழேயிருந்து வந்தது. கதவின் அடியிலிருந்து. தரையில் உட்கார்ந்திருக்கிறாள். அல்லது படுத்திருக்கிறாள். "கையில ஒரு பிடி தட்டுப்படுதுங்க. சுவத்துல. இழுத்தா திறக்குமா?"

"எந்தப் பிடி?"

"தெரியல. இருட்டு. இழுக்கட்டுமா?"

அவன் பார்வை பட்டனில் இருந்தது. மனசெல்லாம் அந்தக் கதவில் இருந்தது. "இழுத்துத் தொலையேன்!" என்று கத்தினான். "எதையாவது இழு! கொஞ்சம் நிம்மதியா இருக்க விடு!"

கிளிக் என்றது உள்ளே. அப்புறம் ஒரு சீறல். நீளமாக, கனமாக. அதே நொடியில் கைபேசி அலறியது. வாயை அடைத்த கைபேசி. ஈரப்பதத்தைத்தான் அவன் அடைத்திருந்தான், இதை அடைக்கவில்லை. இது வரும் என்று யார் நினைத்தார்கள்?

சர்வர் அறை. தீயணைப்பு வாயு திறக்கப்பட்டது. கையால்.

பழைய அறை, பழைய ஏற்பாடு. தீப்பிடித்தால் கரியமில வாயு கொட்டி நெருப்பின் மூச்சை அடக்கும். நெருப்பின் மூச்சை மட்டும் அல்ல. அதற்கான பிடி கதவுக்கு ஓரத்தில் இருந்தது, பச்சை பட்டன் இருந்த இடத்துக்குக் கீழே. பட்டனைப் பிடுங்கிய பிறகு அந்தச் சுவரில் கைக்கு எட்டுவது அது ஒன்றுதான். கெட்டுப்போன சென்சார் பிடியை இழுக்காது. காலி அறை பிடியை இழுக்காது.

மச்சினன். மச்சினன்தான். ஐயோ, பயலே.

இப்போது திறந்தால்? வாயு வெளியேறும். ஒருவேளை. ஒரு நிமிடம் இருக்கலாம். விரல் பட்டனுக்கு மேலே நின்றது. திறந்தால் அவன் வெளியே வருவான், வந்து பேசுவான். திறக்காவிட்டால், தானே இறங்கிப் போன முட்டாள், தடை செய்த அறையில் ஒளிந்தவன், கார்டு இல்லாமல் அங்கே என்ன செய்தான் என்று கேட்கலாம். இதையெல்லாம் அவன் யோசித்தான். மூளை அத்தனை வேகமாக அதுவரை ஓடியதில்லை. கோட்டைப் பார்த்தான். இறங்க ஆரம்பித்திருந்தது. மெல்ல. அப்புறம் வேகமாக. அப்புறம் தரையோடு தரையாகப் படுத்துவிட்டது.

படுக்கையறையிலும் சத்தம் நின்றுவிட்டது.

அவன் மடிக்கணினியை மூடினான். தொலைக்காட்சியில் இன்னும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள். முகத்தைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தான். மனைவிக்கு எப்படிச் சொல்வது என்பதைவிட, எனக்கே இப்போதுதான் தெரியும் என்கிற முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்றுதான் யோசித்தான். வெளியே வெயில் தாழ்ந்து மஞ்சளாகும் வரை அந்த முகத்தைப் பழகிக்கொண்டிருந்தான்.

வாசல் மணி அடித்தது.

திறந்தான். மச்சினன் நின்றிருந்தான். உப்பு படிந்த தலைமுடி, வெயிலில் கறுத்த மூக்கு, தோளில் ஒரு பை, அசட்டுச் சிரிப்பு.

"என்ன மாமா, பேயைப் பார்த்த மாதிரி பார்க்குறீங்க?"

பூட்டு, தான் தண்டச்சோறு என்று திட்டியவனைக் கட்டிப்பிடித்தான். அழுகையும் சிரிப்பும் ஒன்றாகப் பொத்துக்கொண்டு வந்தன. "டேய்... டேய்... எங்கடா போன? போன் ஏன்டா எடுக்கல?"

"கடலுக்குப் போனோம் மாமா. போன் தண்ணியில விழுந்து செத்துப்போச்சு. நீங்க ஏன் மாமா அழுறீங்க?" பயலுக்கு வெட்கமாகிவிட்டது. "பரவால்ல மாமா, அன்னைக்கு நீங்க சொன்னதை நான் மனசுல வச்சுக்கல. அக்காகிட்டயும் அதான் சொன்னேன். ராசியாயிட்டீங்கல்ல?"

"ராசியா?"

"நேத்து சாயங்காலம் வந்தாளே. உங்ககூட மனசு விட்டுப் பேசணும்னு சாப்பாடெல்லாம் கட்டிக்கிட்டு ஆபீசுக்கே வந்துட்டா. மேல எல்லாரும் இருக்காங்க, வேணாம், மாமா எப்படியும் கடைசியா ரூமைப் பார்க்கக் கீழ வருவார், விதின்னா விதிதான் அவருக்குன்னு நான்தான் சொன்னேன். உள்ள ஒரு நாற்காலியில உக்கார வச்சு, என் கார்டையும் கையில குடுத்துட்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடிட்டேன்." அவன் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தான். "எங்க அவ?"

பூட்டுக்குக் காதுக்குள் விண்ணென்றது.

காலையிலிருந்து அவன் அவளைப் பார்க்கவில்லை. முந்தின நாளும் பார்க்கவில்லை. கேட்டான். குரலைக் கேட்டது மட்டும்தான்.

"தூங்குறாளா?" மச்சினன் பையை இறக்கி வைத்துவிட்டுப் படுக்கையறைப் பக்கம் போனான். "அக்கா! அக்கோவ்!"

"வேணாம்" என்றான் பூட்டு. மச்சினன் காதில் அது விழவில்லை.

"தம்பியா?" என்றது உள்ளேயிருந்து.

அவள் குரல்தான். மூச்சே இல்லாமல் பேசினாள். வார்த்தைக்கு வார்த்தை நடுவே காற்று இழுக்கும் சத்தம் இல்லை.

"நீயாவது திறடா."

"தாழ்ப்பாள் போட்டிருக்கா?" மச்சினன் கைப்பிடியை அழுத்தினான். கதவு சும்மா திறந்துகொண்டது. தாழ்ப்பாள் போடவே இல்லை. ஒரு தட்டுத் தட்டியிருந்தால் போதும், அன்று முழுவதும் அது திறந்தேதான் இருந்தது.

உள்ளே ஜன்னல் இல்லை. வெயில் இல்லை. கட்டில் இல்லை. இருட்டு. தரையோடு வெள்ளைப் புகை, முழங்கால் உயரத்துக்கு, ஐஸ் பெட்டியைத் திறந்தது போலக் கூடத்துக்குள் வழிந்தது. ரப்பர். தூசி. இரும்பு. புகைக்குள் கதவோரமாக ஏதோ சுருண்டு கிடந்தது. ஒரு கை மட்டும் மேலே இருந்தது. அந்தக் கை சுவரில் ஓர் இடத்தில், தோள் உயரத்தில், ஒரு கார்டை வைத்தது. எடுத்தது. வைத்தது. எடுத்தது. விரல் நுனிகளில் நகம் இல்லை.

"அக்கா!" மச்சினன் பாய்ந்தான். உள்ளே. புகைக்குள். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை அவன்.

அந்தக் கை நின்றது. தலை திரும்ப ஆரம்பித்தது. தம்பியைப் பார்க்க அல்ல. வாசலைப் பார்க்க. அங்கே நின்றவனைப் பார்க்க.

பூட்டு கதவைச் சாத்தினான்.

வேண்டுமென்று செய்ததாகச் சொல்ல முடியாது. கை தானாகப் போயிற்று. சாத்திவிட்டு இரண்டு கைகளாலும் கைப்பிடியைத் தொங்கிப் பிடித்துக்கொண்டான். இரும்பு உள்ளங்கையைச் சுட்டது, அவ்வளவு குளிர்.

"மாமா!" உள்ளேயிருந்து பயல் இருமினான். "மாமா, திறங்க! இங்க... உள்பக்கம் கைப்பிடி இல்லையே மாமா!"

திற. திறந்துவிடு. வாய் சொன்னது. கை கேட்கவில்லை. திறந்தால் அவள் நிற்பாள்.

"மாமா..."

இருமல். அப்புறம் இருமல் இல்லை.

கதவின் அடியிலிருந்து வெள்ளைப் புகை அவன் பாதங்களை மூடியது. அதற்குள் ஈரமான விரல்கள் நீண்டு வந்து, அவன் கால்விரல்களைத் தடவிப் பார்த்து, ஒவ்வொன்றாகப் பற்றிக்கொண்டன. அவன் கைப்பிடியை விடவில்லை. கதவுக்கு அந்தப் பக்கம் தட்டும் சத்தம் தொடங்கியது. அவசரமில்லாமல், தோள் உயரத்தில் ஒன்று, அதற்குக் கொஞ்சம் மேலே, பயலின் உயரத்தில், இன்னொன்று.